உம்மாட வீட்டுக்கு மேல ஒரு வீடு: நம்மட கரையோரத்துத் தொடர்மாடிகளின் கதை

கொழும்பில் தொடர்மாடி என்று சொன்னால் கண்ணுக்குள் வருவது கண்ணாடிச் சுவர், லிஃப்ட், கீழே காவலாளி, மேலே நீச்சல் குளம். கல்முனைப் பக்கம் அதே சொல்லைச் சொன்னால் சுனாமிக்குப் பிறகு கட்டிய வீட்டுத்திட்டம்தான் ஞாபகம் வரும். சம்மாந்துறையில் கேட்டால், "இங்க எங்க மச்சான் தொடர்மாடி? இங்க எல்லாம் வளவு வீடுதான்" என்பார்கள்.

அது முழுக்கச் சரியில்லை. நம்மட ஊர்களில் தொடர்மாடி வந்தது சுனாமியோடுமில்லை, கொழும்புக் கம்பனிகளோடுமில்லை. மூத்த மகளுக்குச் சீதனமாய்க் கொடுத்த வீட்டுக்கு மேலே, இரண்டாவது குமருக்கென்று ஒரு வாப்பா தட்டுப் போட்ட அன்றைக்கே அது வந்துவிட்டது. அதற்குத் தொடர்மாடி என்று பெயர் வைக்கவில்லை, பத்திரமும் எழுதவில்லை, அவ்வளவுதான். அந்தப் பெயர் வைக்காத வீட்டின் வரலாறுதான் இந்தக் கட்டுரை. இன்றைக்கு காணி விலை ஏறி, வயல்கள் கிறவலுக்குள் மறைந்துகொண்டிருக்கும்போது, இது பழங்கதை மட்டுமில்லை.

கடலுக்கும் வயலுக்கும் நடுவில

முதலில் நிலத்தைப் பார்ப்போம். மருதமுனையிலிருந்து பாண்டிருப்பு, கல்முனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர் என்று பெரிய றோட்டால் வந்தால் ஒரு ஊர் எங்கே முடிகிறது, அடுத்தது எங்கே தொடங்குகிறது என்று வெளியூர்க்காரனுக்குத் தெரியாது. கிழக்கே கடல். மேற்கே வயல். இரண்டுக்கும் நடுவில் ஒடுங்கிய மணல்மேடு. அந்த மேட்டில்தான் ஊரெல்லாம். 2012 குடிசனக் கணக்கெடுப்பில், மிகச் சிறிய நிலப்பரப்புக் கொண்ட சாய்ந்தமருது பிரதேச செயலகப் பிரிவில் மட்டும் 25 ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆட்கள்.

சம்மாந்துறை இந்த வரிசையில் இல்லை. காரைதீவிலிருந்து மேற்கே திரும்பி, மாவடிப்பள்ளி தாண்டி, வயலைக் கடந்துதான் ஊருக்குள் வர வேண்டும். சம்பான்கள் வந்து ஒதுங்கிய துறை என்பதால் சம்பான்துறை, அது மருவி சம்மாந்துறை என்று பெரியவர்கள் சொல்வார்கள். பெயரில் தண்ணி இருந்தாலும் ஊரின் செல்வம் நெல்லில். போடியார், வட்டைவிதானை, முல்லைக்காரன் என்று ஒரு முழுச் சமூகமே வயலைச் சுற்றிக் கட்டப்பட்டிருந்தது. கரையோரத்து ஊர்க்காரர் பலருக்கும் வயல் மேற்கே, வீடு கிழக்கே.

1949இல் கல்லோயா அபிவிருத்திச் சபை அமைந்தது. பட்டிப்பளை ஆறு என்று நம்மவர் சொன்ன ஆற்றை இங்கினியாகலையில் மறித்து அணை கட்டினார்கள். சுதந்திரத்துக்குப் பிறகு இலங்கை தொடங்கிய முதல் பெரிய பல்நோக்குத் திட்டம் அது. அமெரிக்காவின் மொறிசன் நூட்சன் கம்பனி அணையைக் கட்டியது. வாய்க்கால் தண்ணி கிடைத்த வயல்கள் சிறுபோகமும் செய்யத் தொடங்கின. மறுபக்கம், மேற்கேயும் உள்ளேயும் இருந்த நிலம் குடியேற்றத் திட்டங்களுக்குப் போனது. சில குடியேற்றங்களில் தமிழ், முஸ்லிம் குடும்பங்களும் இடம் பெற்றன. ஆனால் பெரும்பகுதி வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட சிங்களக் குடும்பங்களுக்குத்தான். 1956இல் கல்லோயாவில் இனக்கலவரம் வெடித்தது. 1961இல் மட்டக்களப்பு மாவட்டத்திலிருந்து அம்பாறை மாவட்டம் பிரிக்கப்பட்டது.

நம்மட கதைக்கு இதில் வேண்டியது ஒன்றுதான். மேற்கே விரிவதற்கு இருந்த வழி சுருங்கிவிட்டது. பிறகு யுத்தம். 1980களின் நடுவிலிருந்து, குறிப்பாக 1990க்குப் பிறகு, ஒதுக்குப்புற வயல்களுக்கும் காணிகளுக்கும் போய்வருவதே உயிராபத்தானது. உள்ளே இருந்தவர்கள் சனம் நெருங்கிய ஊர்களுக்கு ஒதுங்கினார்கள். தமிழர்களும் முஸ்லிம்களும் அவரவர் ஊருக்குள் இன்னும் நெருங்கினார்கள். ஏற்கெனவே இடமில்லாத மேட்டில் இன்னும் சனம்.

வீடு ஆருக்கு?

இந்த நெருக்கடிக்கு இன்னொரு காரணம் நம்மட வீட்டுக்குள்ளேயே இருக்கு. அதைக் குறையாகச் சொல்லவில்லை. நம்மட பெருமையும் அதில்தான் இருக்கு.

கிழக்குக் கரையில், முஸ்லிம்களிடமும் தமிழர்களிடமும், கலியாணம் முடித்தால் மாப்பிள்ளை பொண்ணு வீட்டுக்குப் போவார். வீடு பொம்புளப் புள்ளைக்கு. பழைய மட்டக்களப்புத் தேசத்தில் முக்குவர் சட்டம் என்று தாய்வழிச் சொத்துரிமை நடைமுறையில் இருந்தது. 1876இல் பிரிட்டோ அதை நூலாகத் தொகுத்தார். சட்டமாக அது பிறகு செத்துப்போனாலும், வழக்கமாக வீட்டுக்குள் உயிரோடு இருந்தது. அக்கரைப்பற்றில் நீண்டகாலம் ஆய்வு செய்த மானிடவியலாளர் டெனிஸ் மக்கில்வ்ரே இதைப் பற்றி விரிவாக எழுதியிருக்கிறார். சுனாமிக்குப் பிறகு சனம் வீட்டை எப்படித் திரும்பக் கட்டியது என்பதற்கும் சீதனத்துக்கும் உள்ள தொடர்பை பற்றீசியா லோரன்சோடு சேர்ந்து ஆராய்ந்தவரும் அவர்தான்.

இதில் ஒரு நுட்பம் இருக்கு. இஸ்லாமிய வாரிசுரிமையில் மகனுக்கு மகளைவிட இரண்டு மடங்கு பங்கு. இலங்கையில் முஸ்லிம்களின் வாரிசுரிமையை 1931ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் ஆள்கிறது. ஆனால் வாரிசுரிமை என்பது மௌத்துக்குப் பிறகு வரும் கணக்கு. வாப்பாவும் உம்மாவும் உயிரோடு இருக்கும்போதே நன்கொடை உறுதி எழுதி வீட்டை மகளுக்குக் கொடுத்துவிட்டால், அது அந்தக் கணக்குக்குள் வராது. இப்படித்தான் மார்க்கச் சட்டமும் ஊர் வழக்கமும் ஒன்றையொன்று மோதாமல் பல தலைமுறை ஓடியது. சீதனத்தின் கொடுமையை நாம் எல்லாரும் அறிவோம். கைக்கூலிக்கு வயலை விற்ற குடும்பங்கள், மூத்தவளுக்கு வீடு முடியாததால் இளையவளும் காத்திருந்த வீடுகள், குமர் காரியத்துக்காக மத்திய கிழக்குக்குப் போன உம்மாமார் என்று அந்தப் பட்டியல் நீளம். ஆனால் அதே சீதனத்தின் மறுபக்கத்தில், தெற்காசியாவின் பல இடங்களில் பொண்டுகளுக்கு இல்லாத ஒன்று நம்மட பொண்டுகளுக்கு இருந்தது: தன் பெயரில் ஒரு வீடு. புருசன் கோபித்துக்கொண்டால் வெளியே போவது அவன்தான்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஒரு ஏக்கர் 160 பேர்ச். கால் ஏக்கர் வளவு என்றால் 40 பேர்ச். மூன்று பொம்புளப் புள்ளைகள் என்றால் ஆளுக்கு 13 பேர்ச் சொச்சம். அவர்களுக்கும் ஆளுக்கு மூன்று மகள்மார் என்றால் நாலரை பேர்ச்கூட வராது. நகர அபிவிருத்தி அதிகாரசபையின் விதிகளில் பொதுவாக ஒரு வீட்டுத்துண்டு 6 பேர்ச்சுக்குக் குறையக்கூடாது. ஆக, இரண்டே தலைமுறையில் வளவு சட்டத்தின் எல்லையைத் தாண்டிச் சிறுத்துவிடுகிறது. பிறகு என்ன செய்யிறது? மேலேதான் போக வேண்டும். 1980களிலிருந்து வந்த வெளிநாட்டுக் காசும் சீமெந்தும் கம்பியும் அதைச் சாத்தியமாக்கின. கீழே ராத்தா, மேலே தங்கச்சி. வெளியால ஏறும் படி. தனிக் குசினி, தனிக் கரண்ட் மீற்றர். பக்கத்து வீட்டு வாசலும் நம்மட வாசலும் ஒன்று.

இதைத்தானே உலகம் தொடர்மாடி என்கிறது?

மேல்மாடிக்கு உறுதி எழுதலாமா?

இங்கேதான் சட்டம் குறுக்கே வருகிறது. இலங்கையின் காணிச் சட்டத்துக்கு அடிப்படை ரோமன் டச்சுச் சட்டம். அதில் ஒரு பழைய கொள்கை உண்டு: நிலம் எவருடையதோ, அதில் எழும்பிய கட்டடமும் அவருடையது. மண் இல்லாமல் வீடு மட்டும் தனியாக ஒருவருக்குச் சொந்தமாக முடியாது. அந்தரத்தில் நிற்கும் மேல்மாடிக்கு எல்லை எங்கே என்று நொத்தாரிசு எழுதுவது?

1973இல் வந்த தொடர்மாடி உடைமைச் சட்டம், 11ஆம் இலக்கம், இந்த முடிச்சை அவிழ்த்தது. அது இலங்கையில் வீடு பற்றிய பெரிய சட்டங்கள் ஒன்றாக வந்த வருசம். ஒருவர் எத்தனை வீடு வைத்திருக்கலாம் என்று வரையறுத்த வீட்டு உச்சவரம்புச் சட்டமும், தொடர்மாடிகளின் பொது வசதிகளைப் பார்க்கும் சபைக்கான சட்டமும் அதே 1973தான். தொடர்மாடிச் சட்டத்தின்படி, அனுமதி பெற்ற நில அளவையாளர் கட்டடத்துக்கு ஒரு பிளான் வரைய வேண்டும். கீழ் வீடு ஒரு அலகு, மேல் வீடு இன்னொரு அலகு. நிலம், படி, தண்ணித்தாங்கி, கூரை, மலக்குழி எல்லாம் பொது. ஒவ்வொரு உடைமையாளருக்கும் தன் அலகு முழுசாகச் சொந்தம், பொதுவில் பிரிக்கப்படாத பங்கு. பிளானைக் காணிப் பதிவகத்தில் பதிந்த பிறகு ஒவ்வொரு அலகையும் தனித்தனியே விற்கலாம், ஈடு வைக்கலாம், நன்கொடையாகக் கொடுக்கலாம். பொதுவானதைப் பராமரிக்க உடைமையாளர்கள் சேர்ந்த ஒரு முகாமைத்துவக் கூட்டுத்தாபனம். 2003க்குப் பிறகு இதையெல்லாம் மேற்பார்வை செய்ய கூட்டாதன முகாமைத்துவ அதிகாரசபை வந்தது.

கொழும்பில் இந்தச் சட்டத்தின் மேல்தான் கோடிக் கணக்கான ரூபாய் வியாபாரம் எழும்பி நிற்கிறது. நம்மட ஊர்களில் மேல்மாடி கட்டும் வாப்பாமார் இதன் பக்கம் போவது அருமை. நொத்தாரிசு எழுதுவது பெரும்பாலும் காணியில் ஆளுக்குப் பாதிப் பிரிக்கப்படாத பங்கு. கீழே இருப்பவளுக்கும் பாதி, மேலே இருப்பவளுக்கும் பாதி. எது எவளுடையது என்பது வாய்ச்சொல்லில். வாப்பா உயிரோடு இருக்கும்வரை அது போதும். உம்மா இருக்கும்வரையும் போதும். பிறகு பேரப்பிள்ளைகள் காலத்தில் கூரை ஒழுகும்போது, மலக்குழி நிரம்பும்போது, ஒருத்தி விற்க நினைக்கும்போது, பேங்குக்குக் கடனுக்குப் போகும்போது, அந்த வாய்ச்சொல்லுக்குச் சாட்சி சொல்ல ஒருத்தரும் இருக்கமாட்டார்கள். பங்கு வழக்கு என்று நீதிமன்றம் ஏறினால் வருசக்கணக்கு.

2004க்குப் பிறகு

2004 டிசம்பர் 26. இலங்கையில் ஆகக்கூடுதலான உயிர்கள் பறிபோன மாவட்டம் அம்பாறை. பத்தாயிரத்துக்கு மேல். கடலோரத்து வீடுகளில் பல பொம்புளப் புள்ளைகளின் சீதன வீடுகள். சம்மாந்துறையைக் கடல் தொடவில்லை. ஓடிவந்த சனத்துக்கு ஊரின் பாடசாலைகளும் பள்ளிவாசல்களும் திறந்தன.

அரசாங்கம் கடலிலிருந்து தெற்கிலும் மேற்கிலும் 100 மீற்றர், வடக்கிலும் கிழக்கிலும் 200 மீற்றர் வரை வீடு கட்டக்கூடாது என்று முதலில் அறிவித்தது. ஒடுங்கிய மேட்டில் 200 மீற்றரை எடுத்துவிட்டால் மிச்சம் என்ன இருக்கு? ஏன் அங்கே 100, இங்கே 200 என்ற கேள்விக்குச் சனம் ஏற்கும் பதில் வரவில்லை. எதிர்ப்பு எழும்ப, தூரம் பிறகு குறைக்கப்பட்டது. நம்மட பக்கம் 65 மீற்றர் என்ற கணக்கு நிலைத்தது. மருதமுனை மேட்டுவட்டையில் இன்றும் "65 மீற்றர் வீட்டுத்திட்டம்" என்ற பெயர் இருக்கு. வட்டை என்றால் வயல்வெளி. கடலோரத்தில் இழந்த வீட்டுக்கு மாற்று வீடு வயல்வெளியில் எழும்பியது என்பதை அந்த இடத்தின் பெயரே சொல்கிறது. சாய்ந்தமருதின் மேற்கே பொலிவேரியன் கிராமம் என்று ஒன்று. வெனிசுவேலாவின் முழுப்பெயரில் உள்ள அந்தச் சொல் சாய்ந்தமருதில் ஒரு முகவரியாகிவிட்டது.

எல்லைக்கு வெளியே வீடு முழுக்க உடைந்தவர்களுக்கு 250,000 ரூபாய், பகுதியளவில் உடைந்தவர்களுக்கு 100,000 ரூபாய். எல்லைக்குள் இருந்தவர்களுக்குக் காசில்லை, வேறிடத்தில் 500 சதுர அடியில் கட்டிய வீடு. காணியில்லாத ஊரில் அந்த வீட்டை எங்கே கட்டுவது? அதற்குக் கிடைத்த பதில்களில் ஒன்றுதான் கல்முனையில் எழும்பிய கிறீன் பீல்ட் போன்ற தொடர்மாடித் திட்டங்கள். அக்கரைப்பற்று நுரைச்சோலையில் சவூதி அரேபியாவின் உதவியோடு 500 வீடுகள், பள்ளிவாசல், பாடசாலை, ஆஸ்பத்திரியோடு கட்டப்பட்டன. யாருக்குக் கொடுப்பது என்ற இனக்கணக்கு வழக்கில் சிக்கி, பாதிக்கப்பட்டவர்களின் கையில் சேராமல் வருசக்கணக்காகக் காடு பிடித்துக் கிடந்தன. வீடு கட்டுவது பொறியியல், பங்கிடுவது அரசியல் என்பதற்கு நுரைச்சோலைக்கு மேல் உதாரணம் தேவையில்லை.

தொடர்மாடி கிடைத்தவர்களுக்கு வீடு கிடைத்தது உண்மை. ஆனால் அந்த வீடு நம்மட குடும்பத்தின் கணக்குக்குப் பொருந்தவில்லை. வளவு வீடு வளரும். முன்னால் ஒரு விறாந்தை, பின்னால் ஒரு குசினி, மேலே ஒரு தட்டு. 500 சதுர அடித் தொடர்மாடி வளராது. அங்கே இரண்டாவது குமருக்கு மேலே தட்டுப் போட முடியாது, மேலே வேறொருவரின் வீடு. கோழி, ஆடு, மீன் வலை எதற்கும் இடமில்லை.

அதைவிடப் பெரிய மாற்றம் பத்திரத்தில் நடந்தது. உதவிப் படிவத்தில் "வீட்டுத் தலைவர்" என்று ஒரு கட்டம். அதிகாரிகள் அந்தக் கட்டத்தில் பெரும்பாலும் புருசனின் பெயரை எழுதினார்கள். உம்மாவின் உம்மாவிலிருந்து மகளுக்கு வந்த வளவு கடலோடு போக, மாற்றாக வந்த வீடு பல இடங்களில் ஆணின் பெயருக்குப் போனது. மேற்கே குடியேற்றங்களில் அது புதிதல்ல. 1935இன் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் கொடுத்த பெர்மிட் காணிகளில், வாரிசு நியமிக்கப்படாவிட்டால் மகனுக்கு முதலிடம், மகள் பின்னால். 2022இல்தான் நாடாளுமன்றம் அந்த வரிசையைத் திருத்தியது. உறுதிக் காணியில் வழக்கத்தால் காப்பாற்றி வைத்திருந்த பொம்புள உரிமை, அரசாங்கத்தின் படிவத்தைத் தொட்டதும் கரைந்தது. அதற்கு எவரும் கெட்ட எண்ணம் வைத்திருக்கத் தேவையில்லை. ஒரு கட்டம் போதும்.

சிங்கப்பூரில் என்ன நடந்தது

அனர்த்தத்துக்குப் பிறகு தொடர்மாடி என்பது நமக்கு மட்டும் நடந்ததில்லை. 1961 மே 25இல் சிங்கப்பூரின் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி எரிந்து சுமார் 16,000 பேர் தெருவுக்கு வந்தார்கள். அதற்கு முந்தின வருசம்தான் அங்கே வீடமைப்பு அபிவிருத்திச் சபை தொடங்கியிருந்தது. எரிந்த இடத்திலேயே மாடிகள் எழும்பின. இன்று அந்த நாட்டின் பெரும்பான்மைச் சனம் அந்தச் சபை கட்டிய மாடிகளில்தான் வாழ்கிறது.

அங்கேயும் சனம் முதலில் விரும்பிப் போகவில்லை. கட்டாயமும் இருந்தது, அதை மறைக்க வேண்டாம். ஆனால் கட்டிக் கொடுத்ததோடு அரசாங்கம் கையைக் கழுவவில்லை. லிஃப்ட், தண்ணி, குப்பை, பெயின்ட் எல்லாவற்றுக்கும் ஒரு நிர்வாகம், அதற்கு மாதக் கட்டணம், கணக்கு. கலியாணம் முடித்த பிள்ளைகள் பெற்றோருக்குப் பக்கத்தில் மாடி எடுத்தால் சலுகை என்ற கொள்கையும் பிறகு வந்தது. குடும்பம் எப்படி வாழ்கிறது என்று பார்த்து, அதற்கேற்ப மாடியை வளைத்தார்கள். நமக்கு வந்த திட்டங்களில் கொடையாளி நாடு ரிப்பன் வெட்டிப் போனது. மலக்குழி நிரம்பும் நாளுக்கு யார் பொறுப்பு என்ற கேள்வி சனத்தின் தலையில் விழுந்தது.

இப்ப வயல்

மாடி பொருந்தாது, வளவில் இடமில்லை என்றால் மிச்சம் வயல்தான். சுனாமிக்குப் பிறகு கரையோரத்துக் குடும்பங்கள் பல கடலுக்குத் தூரமாகக் காணி தேடின. சம்மாந்துறைப் பக்கம் அதற்கு வசதி. தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் இங்கே, அம்பாறைக்கும் கல்முனைக்கும் நடுவழி. றோட்டோர வயலில் முதலில் ஒரு லோட் கிறவல் கொட்டப்படும். பிறகு ஒரு மதில். பிறகு "காணி விற்பனைக்கு" என்று ஒரு பலகை. வயலாய் இருந்தபோது ஏக்கர் கணக்கில் பேசிய நிலம், கிறவல் விழுந்த பிறகு பேர்ச் கணக்கில் பேசப்படுகிறது. அந்த அளவு மாற்றத்துக்குள்தான் முழு இலாபமும் இருக்கு.

2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்க கமநல அபிவிருத்திச் சட்டத்தின்படி, கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்து மூல அனுமதி இல்லாமல் வயலை நிரப்ப முடியாது. சட்டம் எழுதப்பட்டதற்குக் காரணம் சோறு மட்டுமில்லை. மழைத் தண்ணி நின்று, மெல்ல வடிந்து, கடலுக்குப் போகும் பாதை வயல். 2011 ஜனவரி வெள்ளத்தை ஊர் மறக்கவில்லை. 2024 நவம்பர் 26இல் மாவடிப்பள்ளியில், வெள்ளம் றோட்டைக் குறுக்கறுத்துப் பாய்ந்தபோது, வீடு திரும்பிக்கொண்டிருந்த மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அடித்துச் செல்லப்பட்டது. அந்தப் பிள்ளைகள் சம்மாந்துறைப் பிள்ளைகள். அந்த இழப்புக்குக் காரணத்தை ஒரு கிறவல் லோட்டில் கட்டிவிடுவது நியாயமில்லை. ஆனால் நாம் வீடு கட்ட ஆசைப்படும் அந்த வெளி தண்ணியின் வழி என்பதை அதற்குப் பிறகும் ஒருத்தர் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆக, கிழக்கே கடல், மேற்கே வெள்ளம், நடுவில் ஆளுக்கு நாலு பேர்ச். மேலே போவதைத் தவிர வேறு வழி இல்லை என்றுதான் நினைக்கிறேன். கேள்வி எப்படிப் போவது என்பதுதான்.

நம்மட உம்மாமார் ஒரு வழியைக் காட்டித்தான் இருக்கிறார்கள்: ஒரே வளவில், ஒரே குடும்பத்து மகள்மாரின் வீடுகள் ஒன்றன்மேல் ஒன்றாக. அதில் குறைவது காகிதம். ஒரு நில அளவையாளரின் பிளான், ஒவ்வொரு மகளின் பெயரிலும் தனி உறுதி, படிக்கும் கூரைக்கும் மலக்குழிக்கும் யார் எவ்வளவு கொடுப்பது என்று ஒரு எழுத்து. 1973இலிருந்து சட்டம் இடம் வைத்திருக்கு. காவின் எழுத்துக்கு முன்னால் ஹோல் புக் பண்ணுகிறோம், நகை பார்க்கிறோம், மாப்பிள்ளையின் வேலையை விசாரிக்கிறோம். மேல்மாடி எந்த உறுதியில் இருக்கு என்றும் அதே வாயால் கேட்கலாம். அரசாங்கம் இனி ஒரு வீட்டுத்திட்டம் கொண்டுவந்தால் கேட்க வேண்டியதும் அதுதான்: எத்தனை மாடி என்பதற்கு முன், எவர் பெயரில் என்று.